ஒருவேளை அக்கா

எண்டரைத் தட்டியதும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வார். திரையில் பதில் வரும்வரை எடுக்க மாட்டார். வெளியே விட்டால் எதையாவது தொட்டுத் தொலைக்குமாம்.

ஐம்பதை நெருங்கும் புரோகிராமர். அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கையேடு எழுதுகிறவன் நான். “ஒருவேளை கரண்ட் போச்சுன்னா?”, “ஒருவேளை ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுக்கிட்டா?” என்று நாள் முழுக்கக் கேட்பதால் ஒருவேளை அக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர் கணவர் என்னிடம் ஒருமுறை புலம்பினார்: “உப்பு போட்டியான்னு கேட்டா, எவ்வளவு வரைக்கும் தாங்கும்னு கேக்குறா, தம்பி.”

அவர் பார்த்துக்கொள்வது ஒரு டெர்மினல். எங்கோ இருக்கும் கணினி அனுப்பும் எழுத்துகளைக் கறுப்புத் திரையில் காட்டும் மென்பொருள். எழுத்துகளுக்கு நடுவே கட்டளைகளும் வரும்: சிவப்பாக்கு, திரையைத் துடை, மேலே தலைப்பை மாற்று. தலைப்பு என்றால் தொடக்கக் குறி ஒன்று, முடிவுக் குறி ஒன்று. இடையில் வருவதைத் தலைப்புக்கென்று எடுத்துக்கொண்டு, திரையில் காட்டாமல் விழுங்கிவிடும்.

“முடிவுக் குறி வரவே இல்லைன்னா?” என்று இரண்டு வருடங்களுக்கு முன்பே கேட்டார். “வராம எங்கம்மா போகும்?” என்று மேலாளர் சிரித்தார். அக்காவும் அதோடு விட்டுவிட்டார்.

போன மாதம் ஒரு காலையில் அது வரவில்லை. எங்கள் டெர்மினல் ஓடும் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் திரை, அடுத்து வந்த அழைப்புகளை எல்லாம் தலைப்பு என்று நினைத்து விழுங்கிக்கொண்டே இருந்தது. பதினோரு நிமிடம். மூன்று அழைப்பு.

“ஸ்கிரீன் சும்மா இருந்துச்சும்மா. இன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் இல்லபோலன்னு நிம்மதியா உக்காந்திருந்தோம்” என்றார் அங்கிருந்த பணியாளர்.

மூன்றில் ஒருவர் மூச்சுத்திணறிய அம்மா. மகன் பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்.

“அதான் பிழைச்சுட்டாங்களேக்கா” என்றேன்.

“ஒருவேளை கார் இல்லைன்னா?”

அன்று அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

மறுநாள் மேலாளர் முன் நின்றார். தலைப்புக்கு எண்பது எழுத்துதான் வரம்பு. அதைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது, விழுங்கியதையும் சேர்த்துத் திரையில் கொட்டிவிட வேண்டும்.

“நெஜமாவே நீளமான தலைப்பு வந்தா? திரை முழுக்கக் குப்பையாயிடும். திட்டுவாங்க.”

“திட்டட்டும் சார். குப்பையா இருந்தா என்னன்னு பார்ப்பாங்க. சும்மா இருந்தா யாரு பார்க்கப்போறா?”

“அப்ப உங்க பொறுப்புன்னு எழுதிக் குடுங்க.”

அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார் அக்கா.

நேற்று அந்தக் கட்டுப்பாட்டு அறையிலேயே சோதனை. முடிவுக் குறி இல்லாத தலைப்புக் கட்டளை ஒன்றையும், அதன் பின்னால் பன்னிரண்டு போலி அழைப்புகளையும் அனுப்பினார். திரையில் ஒரு வரி கன்னாபின்னாவென்று கொட்டியது. பின்னாலேயே முகவரிகள் வரிசையாக இறங்கின. அக்கா எழுந்துபோய்த் திரையில் விரலை வைத்து, உதடசைய எண்ணினார்.

“பன்னெண்டும் இருக்கும்மா, நானும் பார்த்தேன்” என்றார் பணியாளர்.

அக்கா தலையாட்டினார். விரலை மறுபடி முதல் வரிக்குக் கொண்டுபோனார்.