சாம்பல் விரல்கள்

அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். மதுரைப் பக்கம் இருக்கும் நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போக என் வாடகைக் காரைப் பேச வந்தார். பேசும்போதெல்லாம் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். அலுமினியப் பொடி ஏறி விரல்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன.

ஒரு நாள் பயணத்துக்கு ஐந்து நாள் லீவு போட்டிருந்தார்.

"எதுக்குய்யா அம்புட்டு நாளு?" என்று கேட்டேன்.

"நாலு நாளு கையத் தேய்க்கணும்ண்ணே. போன வருசம் அந்தப் பூங்காக் குளத்துல இறங்குனேன். பொடி மிதக்குதுன்னு விசிலடிச்சு வெளிய ஏத்திட்டாக. பாப்பாவும் அழுதுக்கிட்டே என் பின்னால ஏறிருச்சு."

பாப்பாவுக்கு நான்கு வயது.

புறப்பட்ட அன்று பார்த்தேன். தேய்த்த தேய்ப்பில் தோல் உரிந்திருந்தது. நகக்கண்ணில் இருந்த சாம்பல் போகவே இல்லை. பூங்கா வாசலில் மனைவியையும் மகளையும் உள்ளே அனுப்பிவிட்டு, அவர் காரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நீயும் போய்யா! எவன் என்ன சொல்லுவான்?" என்று கத்தினேன்.

"என்னைய வெளிய ஏத்திவிட்டா பாப்பாவும் மறுபடி பின்னாலயே வந்துருமேண்ணே. இப்ப உள்ள நல்லா ஆடிக்கிட்டிருக்கும்."

வருடம் முழுக்க அதே பொடியைத்தான் மூச்சில் இழுக்கிறார். கம்பெனியில் யாரும் அவரை அதற்காக வெளியே போகச் சொன்னதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யார் சட்டையையாவது பிடித்திருக்க வேண்டும். நான் கத்தியதோ அவரிடம்தான்.