இரண்டு வீட்டிலும் ஓட வேண்டும்

எங்கள் கணினியின் விசைகளில் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் அரபி எழுத்தும் இருக்கும். விசைப்பலகைக்குள்ளேயே முழு இயந்திரமும் அடக்கம். டிவியில் மாட்டினால் நீலத் திரை வரும். எழுதியதைப் பதிந்துவைக்க டேப் ரிக்கார்டர் வேண்டும். என் மாமா வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது. அதே இயந்திரம் இந்தப் பக்கத்தில் இன்னொருவரிடமும் இருக்கிறது என்பதைக் கோட்டாற்றில், டிவி பழுதுபார்க்கும் கடை ஒன்றில்தான் தெரிந்துகொண்டேன். நான் வாங்க வந்திருந்த அதே வயரை எனக்கு முன்னால் நின்றவர் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அதையே கேட்டதும் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேய், ஒம்மகிட்டயும் அந்தச் சவம் உண்டா?" என்றார். அண்ணாச்சியுடன் எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

அண்ணாச்சிக்கு ஊர் பூதப்பாண்டி. தொலைபேசி நிலையத்தில் வேலை. நான் நாகர்கோவிலில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு நான் பஸ் ஏறிப் போவேன், அடுத்த ஞாயிறு அவர் வருவார். சட்டைப்பையில் ஒரு கேசட் இருக்கும். எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. ஒருவர் எழுதிய நிரல் மற்றவர் வீட்டிலும் ஓடினால்தான் அது முடிந்ததாகக் கணக்கு. அதுவரை அதைப் பற்றிப் பெருமை பேசக் கூடாது. நினைவகத்தைப் பெருக்கும் அட்டை ஒன்று வெளிநாட்டில் விற்பனைக்கு வந்தபோது அவரால் அதை வாங்கியிருக்க முடியும். எனக்கு அப்போது வழியில்லை. பெரிய நினைவகத்துக்கு எழுதியது சின்னதில் ஓடாது. "ஏறுனா ரெண்டுபேரும் சேந்து ஏறணும். இல்லன்னா கீழயே கெடப்போம், போவும்," என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றினார். அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

ஊரில் எல்லோரும் வேறு கணினிகளுக்கு மாறினார்கள். அலுவலகத்தில் நாங்களும் மாறினோம். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் மாறவில்லை. அண்ணாச்சி இறந்து இரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு நான் எழுதிய எதுவும், எங்கள் கணக்குப்படி, முடிந்ததாகச் சொல்ல முடியாது.

இந்த வருடம் வெளிநாட்டில் சிலர் சேர்ந்து அந்தப் பழைய இயந்திரத்துக்குப் புதிய மின்சுற்றுப் பலகை ஒன்றைச் செய்திருக்கிறார்கள். பழைய கூட்டுக்குள்ளேயே பொருத்தலாம். வேகம் பல மடங்கு. இணையமும் உண்டு, அதை வைத்திருப்பவர்கள் உலகத்தில் எங்கெங்கோ இருந்து ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள். விலையைச் சொன்னபோது பெங்களூரிலிருந்து மகள் போனில் சிரித்தாள். "அந்தக் காசுக்கு நல்ல லேப்டாப்பே வாங்கலாம்லாப்பா? இது செத்த மாட்டுக்கு லாடம் அடிக்க மாதிரில்லா இருக்கு." விலை எனக்குப் பெரிதாகப் படவில்லை. பேச ஆள் கிடைக்கும் என்பதுதான் பெரிதாகப் பட்டது, பெயரைப் பதிந்துவைத்தேன். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பலகை வேலைசெய்ய, இப்போது யாரும் தயாரிக்காத ஒரு மின்னணுச் சில்லைப் பழைய இயந்திரத்திலிருந்து பிடுங்கி அதில் வைக்க வேண்டும். பிடுங்கிய இயந்திரம் அதோடு முடிந்தது. என்னுடையதை அழிக்க மனம் வரவில்லை. அண்ணாச்சியுடையது சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்துப் பூதப்பாண்டிக்குப் பஸ் ஏறினேன்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி," என்றார் அண்ணாச்சியின் மனைவி. அவரை நான் மைனி என்று கூப்பிடுவேன். "அவிய இருந்தப்போ கிட்ட போவ விடமாட்டாவ. இப்பம் நான் தூசி தட்டுகேன், அவ்வளவுதான்."

அலமாரி மூலையிலிருந்து அதை வெளியே இழுத்தபோது, சுவர்ப் பக்கமாக இருந்த பின்புறத்தில் ஒரு சின்ன சுவிட்ச் தெரிந்தது. என்னுடையதில் அப்படி எதுவும் கிடையாது.

"அதா? நீங்க வாற அன்னைக்குக் காலம்பற அதக் கீழ தட்டி வைப்பாவ. நீங்க போனப்பொறவு மேல தட்டுவாவ. எதுக்குன்னு கேட்டா, 'தம்பி வீட்டுல கரண்டு கம்மி'ம்பாவ."

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். உள்ளே அந்த நினைவக அட்டை இருந்தது. சுவிட்ச் கீழே இருந்தால் என் இயந்திரத்தின் அளவு. மேலே இருந்தால் அதைப் போல நான்கு மடங்கு. எத்தனை வருடம் எனக்கு எதிரே உட்கார்ந்து அதை மறைத்திருக்கிறார் என்று நினைக்க நினைக்க வலித்தது. நான் கீழேயே கிடக்க, அவர் மட்டும் ஏறியிருக்கிறார். அந்த வாரம் சில்லைப் பிடுங்குவதற்கான கருவியை வாங்கிவைத்தேன்.

பிடுங்குவதற்கு முன், மைனி கூடவே கொடுத்தனுப்பிய அவருடைய கேசட்டுகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது முறை என்று பட்டது. ஒன்றில் மட்டும் பெயர் எழுதியிருக்கவில்லை. சுவிட்சை மேலே தட்டி அதை ஏற்றினேன். திரையில் வள்ளப் பந்தய ஆட்டம் ஒன்று வந்தது. ஒருநாள் இருவருமாக இனயம் கடற்கரைக்குப் போய், வள்ளங்கள் கரையேறுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். அந்தக் கடல்தான் அது. கரையில் தென்னைகள், வானத்தில் பறவைகள், அலைகள், இரண்டு வள்ளங்கள். விசைப்பலகையின் இடது ஓரம் ஒருவருக்கு, வலது ஓரம் மற்றவருக்கு. நாடா முடியவில்லை, அதே ஆட்டம் மறுபடியும் வந்தது, இந்த முறை பறவைகள் இல்லை. அதற்கடுத்ததில் தென்னைகள் இல்லை. அடுத்ததில் அலைகள் போய் ஒற்றைக் கோடு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிறிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் கோடும் இரண்டு வள்ளங்களும் மட்டும். அதை என் இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தேன். இடம் போதவில்லை என்றது.

என் வீட்டில் ஓடுவதற்காகத்தான் அவர் அத்தனையையும் கழித்திருக்கிறார். மேலே ஏறிய இடத்தில் காட்டுவதற்கு ஆளில்லாமல், கீழே இறக்கிக் கொண்டுவரப் பார்த்திருக்கிறார்.

பலகை வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதிவிட்டேன். அண்ணாச்சியின் இயந்திரத்திலிருந்து சில்லைப் பிடுங்கினால் ஆட்டம் ஓட இடமில்லை. என்னுடையதிலிருந்து பிடுங்கினால் அவர் கழித்ததற்கெல்லாம் பொருளில்லை. அவர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். வரிசையில் என் இடம் வேறொருவருக்குப் போயிற்று.

இன்னும் எதைக் கழிக்கலாம் என்று வரிவரியாகப் பார்த்துவிட்டேன். ஒரு வள்ளத்தை எடுத்துவிட்டால் என் இயந்திரத்தில் சரியாக அடங்கிவிடும். அது அண்ணாச்சிக்கும் தெரிந்திருக்கும். அதை மட்டும் கழிக்காமல் நிறுத்தியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய இயந்திரத்தில் இரண்டு கைகளாலும் இரண்டு வள்ளங்களையும் ஓட்டுகிறேன். வலக்கை வள்ளம்தான் எப்போதும் முந்துகிறது. இடக்கை வள்ளம் வரட்டும் என்று கரைக்குக் கொஞ்சம் முன்னால் அதை நிறுத்திவைக்கிறேன்.