என் கல்யாணத்துக்கு வந்த தடை

எங்கள் மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். யாரும் வாய் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. என் மூன்றாவது ஓலையன்று தாய்மாமா எழுந்து நின்றார்.

"தடை இருக்கு சாமி. பாகிஸ்தான்."

கோவிலே சிரித்தது. எனக்கு மாமாவைக் கடித்துத் துப்பலாம்போல இருந்தது. மாப்பிள்ளை காஷ்மீர் எல்லையில் சிப்பாய். அங்கே பதற்றம் என்று, கொடுத்த லீவை ரத்து செய்துவிட்டார்கள். மண்டபம், பத்திரிகை, பிரியாணிக்காக எழுமலையிலிருந்து மாமா ஏற்றி வந்த ஆறு ஆடுகள், எல்லாம் தயார். மாப்பிள்ளைதான் இல்லை.

அந்த வாரமே சண்டை மூண்டது. அவருடைய போன் அணைந்துபோனது. நான் ஜெபமாலையும் கையுமாக டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஆடுகள் அப்பாவின் குரோட்டன்ஸ் செடிகளைத் தின்று தீர்த்தன. விரட்ட யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை மாலை செய்தி வந்தது. இரண்டு நாட்டு ராணுவ அதிகாரிகளும் போனில் பேசினார்களாம். ஐந்து மணியிலிருந்து தரையிலும் வானிலும் கடலிலும் சண்டையை நிறுத்த ஒப்புக்கொண்டார்களாம்.

மாமா டிவியை முறைத்தார். "ஒரு போனுதானா? இம்புட்டு நாளா ரெண்டு பேருகிட்டயும் பேலன்ஸ் இல்லையா?"

திங்கட்கிழமை மறுபடியும் பேசுவார்கள் என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நிச்சயம் பண்ணுன பெறகு என்ன பேச்சு? சீர்வரிசையில ஏதும் விட்டுப்போச்சா?"

சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு என்மேலேயே எரிச்சலும் வந்தது. நாடுகள் பேசிக்கொண்டன, எனக்கு வரவேண்டிய போன் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. சண்டை நின்ற பிறகுதான் எனக்குப் பயம் அதிகமானது. இதுவரை சண்டையைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி எதைச் சொல்லிக்கொள்வது?

திங்கட்கிழமை மத்தியானம் போன் அடித்தது.

"நான்தான்" என்றார்.

பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். போனை அணைத்ததற்கு, கோவிலில் மானம் போனதற்கு, ஆடுகளுக்கு, குரோட்டன்ஸுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து மூச்சுவிடாமல் திட்டினேன். மூச்சு வாங்கத்தான் நிறுத்தினேன்.

"லைன்ல இருக்கீகளா?"

"இருக்கேன். நீ திட்டு. இதக் கேப்பமா மாட்டமான்னு கெடந்தேன்."

அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை. அழுகைதான் வந்தது.