நாலாம் நம்பருக்குக் காய்ச்சல் இல்லை

எங்கள் அக்காவுக்குப் புறங்கைதான் தெர்மாமீட்டர். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் ஆறு கம்ப்யூட்டர்களுக்கு அவள்தான் காவல். காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் புறங்கையை வைப்பாள். நாலாம் நம்பரை மட்டும் "தூங்கினியா?" என்று தனியாக விசாரிப்பாள். அது கொஞ்சம் சீக்காளி.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நீல விளக்குகள் மீன் குஞ்சுகள் மாதிரி சிமிட்டிக்கொண்டே இருக்கும். விசிறிகளின் முனகலில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தரையில் இருக்கிறோமா, தண்ணீருக்கடியில் இருக்கிறோமா என்றே தெரியாது. பள்ளிக்கூடமும் நானும் பேசிக்கொள்ளாத நாட்களில் அங்கேதான் போய் மிதப்பேன்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, கப்பலில் மெக்கானிக். எட்டு மாதமாகக் கடலில். போனில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "நான் நல்லா இருக்கேன்." கப்பல் இரண்டு நாள் துறைமுகத்தில் நிற்கப்போகிறது என்று சேதி வந்தது. ரயிலில் ஒரு பகல் தூரம். ஆனால் நாலாம் நம்பரை யார் பார்ப்பது? போன தடவையும் இதே கவலையில்தான் அக்கா ரயிலையும் மாமாவையும் கோட்டை விட்டாள்.

ஆபீஸில் ஏஐ ஒன்று கொடுத்திருந்தார்கள். அதனிடம் கேட்டாள்: "நாலாம் நம்பர் எப்படி இருக்கு?"

சிறப்பாக இயங்குகிறது என்றது.

"நீ பாத்தியா?"

இல்லையாம். பார்க்க அதற்கு வழியே இல்லையாம். மன்னிப்பு வேறு கேட்டது.

"பாக்காமலே நல்லா இருக்குன்னு சொல்ற இன்னொரு ஆளு. எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு," என்றாள் அக்கா.

மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, இரண்டு மதியம் உட்கார்ந்து, ஆறு கம்ப்யூட்டர்களின் வெப்பம், விசிறி வேகம், வேலைச் சுமை எல்லாம் நொடிக்கு நொடி அதற்குப் போகும்படி செய்தாள். பார்க்கலாம், தொட முடியாது. கண் கொடுத்தாள், கை கொடுக்கவில்லை. கைக்குக் கீழ்த்தளத்தில் ஒயர்மேன் அண்ணன். ஏதாவது என்றால் இருவர் போனுக்கும் சேதி வரும்.

அப்படியும் டிக்கெட் எடுக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. மறுநாள் ரயில். அந்தக் கண் தெரிகிறதா என்று சோதிக்க, என் பங்குக்கு ஒரு சேவை செய்தேன். அவள் சாப்பிடப் போன நேரம், நர்ஸ் அறையிலிருந்து வெந்நீர்ப் பையைச் சுட்டு வந்து, நாலாம் நம்பரின் முதுகில் தொங்கும் சென்சார்மேல் சாத்திவைத்தேன்.

ஒரே நிமிடம். அக்காவும் அண்ணனும் ஓடி வந்தார்கள். அண்ணன் வாயில் இன்னும் சோறு.

போனில் சேதி இப்படி இருந்தது: "நாலாம் நம்பரின் பின்புற வெப்பம் திடீரென்று பதினொரு டிகிரி ஏறியிருக்கிறது. உள்வெப்பமோ விசிறி வேகமோ மாறவில்லை. கம்ப்யூட்டர் சூடாகவில்லை, சென்சார் அருகில் சூடான பொருள் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிவது எண்கள் மட்டுமே. யாராவது நேரில் பாருங்கள்."

அண்ணன் பின்னால் குனிந்து பையைத் தூக்கிக் காட்டினார். "ஏம்மா, இதுக்கு இடுப்பு வலியா?"

அக்கா என் காதைப் பிடித்துத் திருகினாள். திருகியவள் விட மறந்துபோய், சேதியை மறுபடி படித்தாள்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுதுடி," என்றாள் மெதுவாக.

காது நாலாம் நம்பரைவிடச் சூடாகிவிட்டது. டிக்கெட் எடுத்தாள்.

துறைமுகத்தில் மாமா பையோடு நின்றிருந்தாராம். "நான் நல்லா இருக்கேன்," என்றாராம். அக்கா அவர் நெற்றியில் புறங்கையை வைத்தாளாம். அடுப்பு மாதிரி சுட்டதாம். மூன்று நாள் காய்ச்சல், யாரிடமும் மூச்சு விடவில்லை மனுஷர். கப்பல் அவரை இறக்கிவிட்டுப் போய்விட்டது. இரண்டு நாளுக்குப் போனவள் ஒரு வாரம் தங்கினாள்.

நாலாவது நாள், நான் அந்த அறை வாசலில் இருக்கும்போது போன் செய்தாள். பின்னால் கடல் விசிறி மாதிரியே இரைந்தது.

"நாலு எப்படி இருக்கு?"

"ஏஐகிட்ட கேட்டேன். முப்பத்தெட்டு டிகிரியாம். வழக்கம்போலதானாம்."

"நீ பாத்தியா?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அதன் முதுகில் புறங்கையை வைத்தேன்.