கனகாம்பாள் பார்த்த மாடுகள்

பர்மாவின் மிங்கலாடோனில், விமானங்கள் தாழப் பறக்கும் பக்கமாக, தமிழர்களின் மாட்டுப்பட்டிகள் இன்னும் ஏழு மிச்சம் இருக்கின்றன. மாட்டுப் பொங்கலன்று பட்டிக்காரர் சங்கம் கூடி, இறந்துபோன பட்டிக்காரர்களின் பெயர்களைப் படிக்கும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் அவர் வளர்த்த மாடுகளின் பெயர்கள் வரும். ‘ராஜரத்தினம்: மயிலை, செவலை, சுட்டி’ என்று. கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மாட்டையும் மறக்காத சமூகம் என்று தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்வார்கள்.

அந்தப் பட்டியலில் கனகாம்பாள் இல்லை.

ராஜரத்தினத்தின் பட்டியில் நாற்பத்தோரு ஆண்டுகள் சாணி அள்ளியவர், பால் கறந்தவர் அவர். கன்று வயிற்றில் குறுக்கே கிடந்தால் கையை முழங்கை வரை விட்டுத் திருப்பி எடுப்பார். ஏழு பட்டிக்காரர்களும் அதற்காக அவரைத் தேடி ஆளனுப்பினார்கள். வேலை முடிந்ததும் ஏழு வீட்டிலும் அவருக்குத் தண்ணீர் தந்தது வாசலுக்கு வெளியே தொங்கிய தகரக் குவளையில். இந்த வழக்கம் எந்தக் கப்பலில் ஏறி வந்ததோ தெரியாது. நூறு ஆண்டுகளாகியும் அதை இறக்கிவிட யாருக்கும் மனமில்லை.

நர்கிஸ் புயல் அடித்தபோது ராஜரத்தினத்தின் குடும்பம் கல் வீட்டில் கதவடைத்துக்கொண்டது. கனகாம்பாள் கொட்டகைக்குள் போய் அரிவாளால் கயிறுகளை அறுத்தார். கூரை விழுந்தபோது பதினோரு மாடுகளும் வெளியே நின்றன. அதன்பின் அவர் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கவில்லை.

2024 மழைக்காலத்தில் ஒரு கிடாரி அவரை வயிற்றில் உதைத்தது. மூன்றாம் நாள் இறந்தார். ராஜரத்தினத்தின் மகனும் சங்கத் தலைவருமான விநாயகமூர்த்தி இடுகாட்டுக்கு வரவில்லை. கறவை நேரம் என்று சொல்லி அனுப்பினார். அன்று மாலை கறந்தது யார் என்றால், தாயைப் புதைத்துவிட்டு வந்த மகள் கலா.

கலா கேட்டது ஒன்றே ஒன்று. பொங்கலன்று அம்மாவின் பெயரையும் படிக்க வேண்டும். விநாயகமூர்த்தி சாய்வு நாற்காலியிலிருந்து எழாமலே பதில் சொன்னார்.

“மாடு வச்சிருந்தவங்க பேரத்தான் படிக்கிறது, கலா. பாத்துக்கிட்டவங்க பேரெல்லாம் படிச்சா பொழுது போயிடும்.”

“மாட்டுப் பேரு படிக்கிறப்ப பொழுது போகலீங்களா, ஐயா?”

வாய் நீளுது என்றார் அவர். அத்தோடு பேச்சு முடிந்தது.

செத்தவர்களுக்குக் காது கிடையாது. பெயர் படிப்பது இருப்பவர்களுக்காக. யாரை மனிதராக எண்ணினோம் என்று இருப்பவர்கள் முன் சொல்வதற்காக. அது கலாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பொங்கலன்று அவர் கடைசி வரிசையில் நின்றார். செயலாளர் தேவராஜ் காகிதத்தைப் பிரித்தார்.

“ராஜரத்தினம். மயிலை.”

“கனகாம்பாள் கறந்த மாடு,” என்றார் கலா.

தேவராஜ் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். “செவலை.”

“கனகாம்பாள் கன்னு இழுத்த மாடு.”

“சுட்டி.”

“புயல்ல கனகாம்பாள் கயித்த அறுத்துவிட்ட மாடு.”

பொய் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அடுத்தவரைப் படியுங்கள் என்றார் விநாயகமூர்த்தி. அடுத்த பட்டியின் மாடுகளுக்கும் கலாவிடம் பதில் இருந்தது. ஏழு பட்டிக்கும் இருந்தது. தேவராஜ் பாதியில் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கலாவை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. பெருந்தன்மை ஒன்றுமில்லை. கட்டாய ராணுவச் சேர்க்கைக்குப் பயந்து பட்டிப் பையன்கள் தாய்லாந்துக்கு ஓடிவிட்டார்கள்; கறக்க வேறு கை இல்லை.

சங்கம் ஓராண்டு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தது. இந்தப் பொங்கலுக்குப் பட்டியல் புதிதாகத் தட்டச்சாகி வந்திருந்தது. தேவராஜ் எழுந்து படித்தார். ராஜரத்தினம் என்றார். உடனே அடுத்த பட்டிக்காரர், அவருக்கடுத்து இன்னொருவர். மயிலை இல்லை, செவலை இல்லை. ஒரு பெண்ணின் பெயரைச் சேர்ப்பதைவிட, மூன்று தலைமுறையாகச் சொல்லி அழுத மாடுகளையெல்லாம் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கலா கடைசி வரிசையில்தான் நின்றார். பதில் சொல்ல ஒரு மாடும் வரவில்லை.