விளக்கு அணையும் ஆழம்

அமரவிளையில் தேநீர்க்கடைக்குப் பின்னால் கிணறு தோண்டுகிறார்கள். மேலே செம்மண், அதன்கீழ் வெள்ளைக் களிமண், அடியில் கறுத்த களிமண். நேற்று வெட்டிப் போட்ட கறுப்புக் குவியலில் சிப்பிகள் கிடக்கின்றன. கடலோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

கிணறு வெட்டும் தங்கையன் ஒரு மண்கட்டியைப் பிளந்து காட்டுகிறார். உள்ளே நரம்புகூடக் கலையாத ஓர் இலை, இளம்பழுப்பு நிறத்தில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றுப் பட்டுக் கறுக்கிறது.

“பண்டு இது காயலாக்கும் சாரே. பெறவு கடலு ஏறிச்சு.”

இறங்குமுன் திரிவிளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார். செம்மண்ணைத் தாண்டுகிறது, வெள்ளையைத் தாண்டுகிறது, கறுப்பை எட்டியதும் அணைந்துவிடுகிறது. மறுபடி ஏற்றி இறக்குகிறார். அதே இடத்தில் அணைகிறது.

“நேற்று எப்படி வேலை செய்தீர்கள்?” என்கிறேன்.

“நேத்து இல்ல சாரே. ராத்திரியோட ஊறியிருக்கு. அது அந்த காலத்துக் காத்தாக்கும், நமக்கு உள்ளதில்ல. மம்மட்டி அங்கன கெடக்கட்டும்.”

கயிற்றைச் சுருட்டுகிறார்.

நான் எட்டிப் பார்க்கிறேன். உச்சிவெயில் அடிவரை இறங்கியிருக்கிறது. மண்வெட்டியைச் சுற்றி அவருடைய நேற்றைய கால்தடங்கள், அந்த இலையைப் போலவே கலையாமல் பதிந்திருக்கின்றன.