பட்டு கருகும் வாசனை

போன வாரம் சேவூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர்தான் சொன்னார். “உங்க சாயப்பட்டறையில அடுப்பு எரிப்பாங்களே, தலையில முந்தானைய போட்டுகினு ஒரு அம்மா, அவங்க நேத்து பூட்டாங்க சார்.” டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். பச்சையம்மாளோடு வேலை செய்த நாம் பத்துப் பன்னிரண்டு பேர் இன்னும் ஆரணியில்தான் இருக்கிறோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அதனால் எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை அவரை நான் ‘வா, போ’ என்றுதான் கூப்பிட்டேன். செத்த பிறகு ‘அவர்’ என்று எழுதச் சுலபமாக இருக்கிறது.

பட்டு தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நூல் அசல்தானா என்று பார்க்க ஓர் இழையைக் கொளுத்துவோம். அசலாக இருந்தால் தலைமுடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் தூளாகும். எங்கள் பட்டறையில் அந்த வாசனை தினமும் நாலு தடவை வரும். எழுபதுகளின் நடுவில் ஒருநாள் காலை அது வந்தபோது முன்கட்டு ஆபீசில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து அரிசி மில் ஓடியதால் வேறு சத்தம் கேட்கவில்லை. வந்திருந்த வியாபாரி என்ன கருகுகிறது என்று கேட்டார். “பட்டுங்க. யாரோ கொளுத்திப் பாக்கறாங்க” என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை முடித்தேன். பின்கட்டில் கருகியது பச்சையம்மாளின் தலை. ஈர விறகில் ஊற்றிய மண்ணெண்ணெய் குப்பென்று எழுந்து பின்னலைப் பிடித்துவிட்டது. நூல் அலசும் தொட்டியில் அவரே தலையைக் கவிழ்த்து அணைத்துக்கொண்டார். நான் உறையை ஒட்டிவிட்டு எழுந்து போனபோது தண்ணீரில் முடி மிதந்துகொண்டிருந்தது.

மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அதே அடுப்புக்குத் திரும்பி வந்தார். இடது காது சுருங்கிப் போயிருந்தது, அந்தப் பக்கம் முடி முளைக்கவே இல்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், ஆபீசுக்கு வாசனை வரவில்லையா என்று. வரவில்லை என்றேன்.

அவரைப் பொறுமைசாலி என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள். வாய் கொடுத்தால் கிழித்துவிடுவார். புதிதாக வந்த பெண் பின்னலைத் தொங்கவிட்டிருந்தால் பிடித்து இழுத்து, “இது பின்னல் இல்லடி, திரி” என்பார். கொண்டை போடாமல் அடுப்புப் பக்கம் விடமாட்டார். அழுத பெண்களும் உண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் முதலாளி பட்டறையைப் பெரிதாக்க நினைத்தார். தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். ஒரு வாரம் ஒரே பேஜார். கரி பிடித்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், விறகை வெளியே அடுக்கினோம். சினிமாக் கொட்டகையிலிருந்து சிவப்பு வாளிகளை இரவல் வாங்கி வந்தேன். அதிலிருந்த மணலைச் சலித்தால் பாதி பீடித் துண்டு. அதிகாரியின் கண்ணில் முதலில் படட்டும் என்று வாளிகளை முன்வாசலில் வரிசையாக மாட்டினேன். பச்சையம்மாள் வந்து பார்த்தார். “நெருப்பு பின்னாடி இருக்குது, மண்ணு முன்னாடி தொங்குது. ஆபீசருக்கா சார் தீப்பிடிக்கப் போவுது?” எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. உன் வேலையைப் பார் என்றேன். இதுவரை தீ விபத்து ஏதும் நடந்ததா என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியவனும் நான்தான்.

அப்படி எழுதிய பிறகு பச்சையம்மாளின் தலையை அதிகாரி பார்க்கக் கூடாது என்றார் முதலாளி. அன்று அவரை வீட்டுக்கு அனுப்பிவைப்பது என் பொறுப்பு. ஆனால் ஜீப் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. சாம்பல் வாரிக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் நூல் அறைக்குள் தள்ளினேன். சத்தம் வந்தால் நாளை முதல் உனக்கும் வேலை இல்லை, உன் பெண்ணுக்கும் இல்லை என்றேன். மகள் எதிரே உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னல் இல்லாத அறை. பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அடுப்பு எரிப்பவரின் மடியில் தீப்பெட்டி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அதிகாரி வாளிகளைப் பார்த்துத் தலையாட்டினார். நூல் அறையைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தது. “என்னங்க கருகுது?” என்று நின்றார். மகளின் கை ராட்டையில் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே கருகுவது பட்டா, தலையா என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சாவி என் பையில் இருந்தது.

“பட்டு சார். யாரோ கொளுத்திப் பாக்கறாங்க.”

ஏற்பாடுகள் திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் பூட்டைத் திறந்தேன். பச்சையம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சாம்பல். அதை விரலால் தேய்த்துக் காட்டினார், தூளானது.

“வாசனை வருது இல்ல சார்?” என்றார்.

அதற்குப் பிறகு பட்டறையில் இருந்த வருஷமெல்லாம், தினமும் காலையில் அடுப்பைப் பற்றவைத்ததும் பின்கட்டிலிருந்து குரல் கொடுப்பார். “சார், இது வெறகுதான். நீங்க எழுதிகினு இருங்க.” உங்களுக்கு அது நினைவிருக்கும். ஏதோ கிண்டல் என்று நீங்கள் சிரித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்க ஒருநாளும் வாய் வரவில்லை.

அன்றே சேவூரில் இறங்கி அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாம் முடிந்திருந்தது. அவர்கள் குடும்பத்தில் எரிப்பதுதான் வழக்கம், இவரை மட்டும் புதைத்திருக்கிறார்கள். ஏன் என்று மகளைக் கேட்டேன். “ஒரு தபா கொளுத்தனது போதும், மண்ணுல போடுன்னு சொல்லிட்டு பூட்டாங்க” என்றாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

இப்போது நான் வேறொரு கடையில் எழுதுகிறேன். அவரிடமிருந்து எனக்கு வந்தது ஒரு பழக்கம் மட்டும்தான். அந்த வாசனை வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது எழுந்திருப்பேன். கடையில் இருப்பவர்கள் கிழவருக்கு என்ன ஆயிற்று என்று கேலி செய்கிறார்கள். போய்ப் பார்த்தபோதெல்லாம் பட்டுதான். போக வேண்டியிருந்த இரண்டு தடவையும் நான் போகவில்லை.